ரிசல்ட்டுக்கு முன்னாடியே காலேஜைப் பார்த்துவிடுங்கள்

பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதை இப்போதே படித்துவிடுங்கள். அடுத்த மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். ரிசல்ட் வந்த பிறகு காலேஜ் பார்க்கக் கிளம்பினால் அட்மிஷன் ஆபீஸை மட்டும்தான் பார்க்க முடியும். அந்த மாதத்தில் வகுப்பு நடக்காது. லேப் பூட்டிக் கிடக்கும். உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய சீனியர் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். சீட்டை நிரப்ப வேண்டியவர்களும் சீட்டுக்கு அலைகிற நம்மைப் போன்றவர்களும்தான் அங்கே இருப்போம். போன கோடையில் நானும் மகளும் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் அலைந்து, பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதை முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு ஒருத்தரும் இல்லை.

எனக்கு ஊர் வீரவநல்லூர். வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எங்கள் இரண்டு பேர் வீட்டுப் பக்கமும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாரும் கிடையாது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். பயாலஜியும் மேத்ஸும் சேர்ந்த குரூப். ஆனால் அவளுக்கு உயிர் என்றால் கெமிஸ்ட்ரிதான். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போதெல்லாம், "நீ நேர்ல பாத்து முடிவு பண்ணு, பணத்துக்கு நான் பாத்துக்கிடுதேன்" என்பார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் முடிவு முழுக்க ஒருத்தி தலையில் வந்து விழும்போது ராத்திரி கண் மூட முடியாது. தப்பாகப் போனால் பிள்ளையின் மூன்று நான்கு வருடம் போய்விடுமே என்ற பயம் அடிவயிற்றிலேயே இருந்தது.

போன் வர ஆரம்பித்தது மார்ச்சில், பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே. நம்பர் எப்படிப் போயிற்றென்று தெரியவில்லை. மகள் பெயர், பள்ளிக்கூடம், குரூப் எல்லாம் சொல்லிப் பேசினார்கள். கோயம்புத்தூர், சென்னை, நம்ம பக்கத்துக் காலேஜ்கள் என்று நாள் முழுக்க வரும். ஸ்காலர்ஷிப் பரீட்சை என்றார்கள், லேப்டாப் இலவசம் என்றார்கள், இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது என்றார்கள். மகள் மறுநாள் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அரை மணி நேரம் பேசினார். பரீட்சை முடியும் வரை போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிள்ளைக்கு வருகிற அழைப்பையும் நீங்களே எடுத்து, மே மாதத்துக்கு மேல் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அவசரப்படுத்துகிற சலுகை எதுவும் நமக்காக வைத்ததில்லை.

ரிசல்ட் வந்த அந்த வாரமே ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜிலிருந்து எங்கள் ஊருக்கு வேன் அனுப்பினார்கள். கேம்பஸைச் சுற்றிக் காட்டிவிட்டு மதியச் சாப்பாடும் போட்டுக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். தெருவில் இன்னும் சில குடும்பங்கள் கிளம்ப, கொழுந்தனாரும், "போய்ட்டு வாங்க மைனி, பாக்கதுக்குக் காசா பணமா" என்றார். கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. நுழைந்ததும் ஏசி போட்ட ஹால், ஜூஸ், பெரிய திரையில் வீடியோ, சுவர் நிறைய வேலை கிடைத்த மாணவர்களின் போட்டோவும் சம்பளமும். எங்களை நடத்திக் கூட்டிப் போன பாதையும் ஏற்கெனவே வகுத்து வைத்த பாதைதான். ஆடிட்டோரியம், நூலகம், உடற்பயிற்சிக் கூடம், கேன்டீன். மகள் மெதுவாக, "லேப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். சாவி ஹெச்.ஓ.டி.யிடம், அதாவது துறைத் தலைவரிடம், இருக்கிறது, அவர் லீவு என்று பதில் வந்தது. கழிவறை எங்கே என்று கேட்டதற்கு விருந்தினர் அறையைக் காட்டினார்கள். பிள்ளைகள் தினமும் போகிற கழிவறையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது கூட வந்த அம்மாக்களே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். வயசுப் பெண் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கப் போகிற இடம். தண்ணீர் வருகிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா என்று பார்க்க நமக்கு முழு உரிமை உண்டு.

சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி மேஜைக்குக் கூப்பிட்டார்கள். மகளுக்குக் கட் ஆஃப் 160 சொச்சம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குப் போடுகிற கணக்கு அது. "கவுன்சலிங்கில் இந்த மார்க்குக்கு நல்ல காலேஜ் கிடைக்காது, இன்றைக்கே 10,000 கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி" என்றார்கள். கவுன்சலிங் என்பது மார்க் வரிசைப்படி அரசு சீட்டு ஒதுக்குகிற முறை. அன்றைக்கு எங்கள் கையில் வேறு எந்தச் சீட்டும் இல்லை. ஒன்றாவது இருக்கட்டும் என்று கொழுந்தனாரிடம் போனில் கேட்டு ஜிபே பண்ணினேன். ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கேட்டார்கள். அவை பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன என்று சொல்லி ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தேன். பிற்பாடு என்னைக் காப்பாற்றியது அதுதான். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்ஜினியரிங் காலேஜ்களுக்குத் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி இருக்கிறது. உரிய தேதிக்குள் விலகிக்கொண்டால் நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம், மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த மேஜை முன்னால் உட்காருங்கள். பணம் கட்டினால் ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்று கீழே வரும்.

அடுத்த வாரம் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இருக்கிற உதவி மையத்துக்குப் போனோம். வீட்டில் போனிலேயே பதிவு செய்யலாம்தான். ஆனால் சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமே. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மேடம் மகளின் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "ஆறாவதுல இருந்து கவர்ன்மென்ட் ஸ்கூலாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றித் தெரியுமா என்றார். 2021-ல் வந்த சட்டம் அது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் தனி ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. கவுன்சலிங் இல்லாமல் நேரடியாகக் காலேஜில் சேர்ந்துவிட்டால் அது கிடையாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்குத் தருகிற முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. 10,000 வாங்கிய மேஜையில் மகளின் பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். இந்த ஒரு விஷயத்தை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் யார் இதை வாசித்தாலும், எந்தத் தனியார் காலேஜிலும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் உதவி மையத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள்.

இன்ஜினியரிங்தான் என்று முடிவு செய்தவர்கள் சுவரில் இருக்கிற போட்டோவைப் பார்த்து மயங்க வேண்டாம். என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் தரவரிசைக்கு விண்ணப்பித்த காலேஜ்கள் தாங்கள் அங்கே கொடுத்த விவரத்தைத் தங்கள் வலைதளத்திலும் போட்டு வைத்திருப்பார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த வருடத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருக்கிறவருக்கு என்ன சம்பளம், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் அதில் உண்டு. சுவரில் இருப்பது வகுப்பிலேயே அதிகம் வாங்கின ஒருவரின் சம்பளம். நமக்குத் தெரிய வேண்டியது நடுவில் இருக்கிற பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பது. அதேபோல அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் தன் கீழ் உள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. மகளோடு உட்கார்ந்து அதை எடுத்துப் பார்த்தோம். எங்களுக்கு ஜூஸ் கொடுத்த காலேஜ் நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

அப்புறம் பாளையங்கோட்டை. பாளைக்கு என்ன குறை? தூய சவேரியார் கல்லூரி 1923-லிருந்து இருக்கிறது. தூய யோவான், சாராள் தக்கர், சதக்கத்துல்லா அப்பா என்று பெயரெடுத்த கல்லூரிகள் ஒரே ஊரில். திருநெல்வேலியில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. மெட்ராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் பிள்ளையை அனுப்பத் தவிக்கிறவர்கள் முதலில் பாளையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் நாங்கள் போனது அக்னி நட்சத்திரத்தில். ஒவ்வொரு வாசலிலும் வாட்ச்மேன், விண்ணப்பம் வாங்க ஒரு வரிசை, பூட்டின வகுப்பறைகள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் எங்கே என்று கேட்டதற்கு, "இப்பம் யாரும் இல்லம்மா, பாரத்த வாங்கிட்டுப் போங்க" என்றார்கள். சீட்டுக்குத்தான் வந்தீர்கள், டிபார்ட்மென்டைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது போலிருந்தது அந்தப் பதில்.

அங்கேதான் ஒரு பெரிய விஷயம் புரிந்தது. ஒரே காலேஜ், ஒரே கெமிஸ்ட்ரி, ஒரே பட்டம். ஆனால் எய்டெட் என்று ஒன்று, செல்ஃப் பைனான்ஸ் என்று ஒன்று. எய்டெட் பிரிவில் ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, அதனால் பிள்ளையின் கட்டணம் குறைவு. செல்ஃப் பைனான்ஸில் எல்லாமே நம் பணத்திலிருந்து, அதனால் பல மடங்கு வரும். விண்ணப்பத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். எதில் சீட்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும். கட்டணத்தோடு போகிற விஷயமுமில்லை. சில இடங்களில் எய்டெட் வகுப்பு காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும், செல்ஃப் பைனான்ஸ் மதியத்துக்கு மேல் தொடங்கிச் சாயங்காலம் வரை போகும். வீரவநல்லூர் மாதிரி ஊரிலிருந்து போய்வருகிற பெண்பிள்ளை பொழுது சாய்ந்து பஸ் ஏறி இருட்டில் வந்து இறங்க வேண்டும். நேரத்தைக் கேட்காமல் சேர்த்துவிட்டுப் பிறகு கார்த்திகை மாதத்து அடைமழையில் ஸ்டாப்பில் போய் நிற்கிற பெற்றோரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸை நாங்கள் சோதித்தே பார்த்தோம். நிறைய பேர் இதைச் செய்வதில்லை, நான் கட்டாயம் செய்யச் சொல்வேன். காரிலோ பைக்கிலோ போய்க் காலேஜைப் பார்த்துவிட்டு, பக்கம்தான் என்று வந்துவிடாதீர்கள். பிள்ளை எந்த நேரத்துக்கு எந்த வண்டியில் போகுமோ அதே வண்டியில் கூடப் போங்கள். பாபநாசத்திலிருந்து வருகிற வண்டி அம்பையிலும் கல்லிடையிலுமே நிறைந்துவிடும். சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடை வரும்போது ஏறக் கால் வைக்க இடமில்லை. திருநெல்வேலி புதுப் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாளைக்கு இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, ஆனால் வெளியூர் வண்டிக்கு அது கிடையாது. செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் போனால் ஜங்ஷனில் இறங்கலாம், கூட்டத்திலும் மூச்சு விட முடிகிறது, ஆனால் ரயில் நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகளின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. முதல் பீரியட் தொடங்கியிருக்க வேண்டிய நேரமும் தாண்டியிருந்தது. தினமும் இப்படி என்றால் படிப்பு எப்படி ஏறும்?

அதனால் ஹாஸ்டலும் பார்த்தோம். ஹாஸ்டலில் கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு அறையில் எத்தனை பேர், கோடையில் தண்ணீர் லாரியில் வருகிறதா குழாயில் வருகிறதா, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், போன் எத்தனை மணி வரை கையில் இருக்கும், சனி ஞாயிறு வீட்டுக்கு வர யார் கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் கேளுங்கள். ஒரு விடுதியில் வார்டன் அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் முன்பணத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

கலை அறிவியலும் இன்ஜினியரிங்கும் மட்டும்தான் படிப்பு என்று நினைத்திருந்தவள் நான். வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு அண்ணாச்சி சொல்லித்தான் மற்றதெல்லாம் காதில் விழுந்தது. வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி, ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி, பாளையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி. எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. சித்தாவுக்கு நீட் எழுதியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்கே போதும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன்லைனில் ஒரே விண்ணப்பம், பாளையிலுள்ள எய்டெட் கல்லூரிகளுக்கு அவரவர் விண்ணப்பம் வேறு. பிளஸ் டூ அரையாண்டு லீவிலேயே ஒரு நோட்டைப் போட்டு எதற்கு எப்போது விண்ணப்பம் என்று எழுதி வைத்துக்கொண்டால் மே மாதம் மூச்சு வாங்காது.

இந்த அலைச்சலுக்கு நடுவில் தையல் வேலை கெட்டது. வைகாசி முகூர்த்தத்துக்கு வந்த ரவிக்கைகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நல்ல நாளில் எழுநூறு எண்ணூறு ரூபாய்க்குத் தைக்கிற சீசன் அது. வீட்டிலோ ஆளுக்கொரு யோசனை. 7.5 சதவீதத்தில் இலவசமாக இன்ஜினியரிங் கிடைக்கும்போது எவளாவது பி.எஸ்சி. படிப்பாளா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நான்கு வருடம் பைசா செலவில்லாமல் படித்து வெளியே வருவாளே என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுவேன். ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் சொன்னாள்: "எம்மா, இத்தன காலேஜுக்குப் போயிட்டோம். ஒருத்தராவது எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாவளா? எல்லாரும் ஒங்கிட்டத்தான் பேசுதாவ." நான் யோசித்துப் பார்த்தேன். மார்க் எவ்வளவு, ஜாதி என்ன, அப்பா என்ன வேலை, ஹாஸ்டல் வேண்டுமா. எல்லாம் என்னிடம் கேட்ட கேள்விகள். படிக்கப் போகிறவள் பக்கத்திலேயே பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஜூன் நடுவில் சீனியர்களுக்குக் காலேஜ் திறந்தது. விண்ணப்பம் போட்டிருந்த கல்லூரிகளில் எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு எய்டெட் மகளிர் கல்லூரிக்கு மறுபடியும் போனோம். அங்கே மகள் பெயர் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தது. அதே வளாகம்தான், ஆனால் வேறு ஊர் மாதிரி இருந்தது. மணி அடிக்கிறது, பிள்ளைகள் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள், ஒரு அறையிலிருந்து பாடம் நடத்துகிற சத்தம் வராந்தா வரை வருகிறது. அனுமதி கேட்டு மகளைத் தனியாக டிபார்ட்மென்டுக்குள் அனுப்பினேன். நான் வெளியே நின்றால்தான் அவள் வாய் திறப்பாள் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக எனக்கு லேப் தெரிந்தது. பழைய மர மேஜைகள், அமிலம் பட்டுப் பட்டுக் கறுத்த பலகை. ஆனால் ஒவ்வொரு மேஜையிலும் குழாயில் தண்ணீர் வந்தது. ஸ்டாண்டில் பியூரெட்கள், அதாவது சொட்டுச் சொட்டாக விடுகிற அளவுக் கண்ணாடிக் குழாய்கள், வரிசையாகக் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து மாட்டியிருந்தன. இரண்டாம் வருடப் பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பியூரெட்டில் தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாலு பேருக்கு ஒரு செட் என்று மூன்று பேர் வேடிக்கை பார்க்கிற லேப் இல்லை அது. லேப் அட்டெண்டர் ஒரு வயதான மனுஷர். ஒரு பிள்ளை பியூரெட்டின் திருகை முரட்டுத்தனமாகத் திருப்ப, அவர் வந்து அதைக் கழற்றித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டவில்லை. அந்த இடத்தை யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

உள்ளே ஒரு மேடம் மகளிடம், "பிளஸ் டூல எந்த பிராக்டிகல் பிடிச்சது?" என்று கேட்டிருக்கிறார். டைட்ரேஷன் என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, பெர்மாங்கனேட் ஒவ்வொரு சொட்டாக விடும்போது நிறம் வந்து வந்து போய்விடும், கடைசியில் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நின்றுவிடும், அந்தச் சொட்டைத் தாண்டவிடாமல் பிடிப்பதுதான் பிடிக்கும் என்றாளாம். அந்த மேடம் அவளை ஒரு இரண்டாம் வருடப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தி, இன்னும் என்னவெல்லாம் செய்வார்கள் என்று காட்டச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்தவள் பஸ் ஸ்டாண்ட் வரை வாய் மூடவில்லை. அந்தச் சீனியர் பிள்ளை மறைக்காமல் எல்லாம் சொல்லியிருந்தாள். கேன்டீன் சுமார், இரண்டு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, கௌரவ விரிவுரையாளர் வைத்து ஓட்டுகிறார்கள், முதல் செமஸ்டரில் இங்கிலீஷில் எழுத எல்லாரும் திணறுவார்கள், ஆனால் லேப் வகுப்பு ஒருநாளும் ரத்தாகாது என்று. மே மாதம் முழுக்க அலைந்து எனக்குத் தெரியாதது அந்தப் பிள்ளையிடம் ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம், இவள் கெமிஸ்ட்ரிதான் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். 7.5 சதவீதத்தை வேண்டாம் என்று சொல்ல நெஞ்சு துணிய வேண்டியிருந்தது. இப்போதும் சொந்தக்காரர் யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் முடிவில் மாற்றமில்லை.

இப்படி நேரில் போய்ப் பார்ப்பதை ஒரு வருடம் முன்னாடி, காலாண்டுப் பரீட்சை லீவிலோ பொங்கல் முடிந்த வாரத்திலோ செய்திருக்க முடியும். பள்ளிக்கு லீவாக இருந்து காலேஜ் நடக்கிற நாளாகப் பாருங்கள். கல்லூரிக்குப் போன் பண்ணி, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை டிபார்ட்மென்டைப் பார்க்க விரும்புகிறாள் என்று சொன்னால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சீட்டு நிரப்புகிற அவசரம் இல்லை, நமக்கும் இல்லை. பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள். பெற்றோரிடம் மட்டும் பேசுகிற இடமா, பிள்ளையிடம் பேசுகிற இடமா என்று கவனியுங்கள். நான் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மார்க் போடுவேன்.

வெயிட்டிங் லிஸ்ட் என்றதும் மனம் விட்டுவிடாதீர்கள். மெடிக்கல், இன்ஜினியரிங், விவசாயக் கவுன்சலிங் சுற்றுகள் நடக்க நடக்க, கலைக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள், இடம் காலியாகும். போனில் கேட்டால் சரியாகப் பதில் வராது. வாரம் ஒருமுறை நேரில் போய், பெயரைச் சொல்லி, எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்று கேட்டு வந்தேன். ஜூலையில் எய்டெட் பிரிவிலேயே இடம் வந்தது. அன்றைக்கு ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

இனி அந்த 10,000. விலகிக்கொள்கிறோம் என்று முதலில் போனில் சொன்னேன், அப்புறம் நேரில் சொன்னேன். அக்கவுன்ட்ஸ் ஆள் இல்லை, சேர்மன் கையெழுத்து வேண்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்று இழுத்தார்கள். பிறகு ஏ.ஐ.சி.டி.இ. விதியைக் குறிப்பிட்டு, ஜிபே விவரத்தையும் ரசீது நகலையும் வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கடிதத்தை எழுதியது மகள். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்த பிறகுதான் அவர்கள் பேச்சு மாறியது. ஆடி போய் ஆவணி வந்த பிறகு 7,000 வந்தது. மிச்ச 3,000 ரசீதில் வளர்ச்சி நிதிக்கு நன்கொடை என்று எழுதியிருந்தது, அதைத் தர முடியாது என்றுவிட்டார்கள். கல்லூரியில் இடம் கொடுக்க நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிற சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே இருக்கிறது. ஆனால் நாமே விரும்பிக் கொடுத்தது போல் காகிதம் இருந்தால் வாதாடுவது கஷ்டம். அதனால்தான் ரசீதுத் தலைப்பை முதலில் வாசிக்கச் சொன்னேன். கட்டணம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். ஜாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வர நாளாகும். மே மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதால் இன்னும் இழுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும், கோடை லீவில் அங்கே தலைமையாசிரியர் கிடைப்பது கஷ்டம். அப்படி அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளையாக இருந்தால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். இரண்டுக்கும் காலேஜில் சேர்ந்த பிறகு அங்கேயே அதைக் கவனிக்கிற ஆசிரியரிடம் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை பெயரில் பேங்க் கணக்கும், அதோடு ஆதார் இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று ஏப்ரலிலேயே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருந்தது. அதைச் சரி செய்வதற்குள் முதல் செமஸ்டர் பாதி போய்விட்டது.